ஏற்பியைத் திருப்பி அனுப்பும் வளைவு

பார்க்கின்சன் நோய் பரம்பரையாக வருமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் இல்லை. ஆனால் சில குடும்பங்களில் ஒரே மரபணுவின் பிழை போதும், நோய் வந்துவிடுகிறது. அப்படி ஒன்றுதான் விபிஎஸ்35. 2011-இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியக் குடும்பங்களை ஆராய்ந்த இரு குழுக்கள் தனித்தனியாக ஒரே பிழையைக் கண்டன. இந்த மரபணு தரும் புரதத்தில் 796 அமினோ அமிலங்கள். அவற்றில் 620-ஆவதாக அஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பாரஜின் இருந்தது.

அந்தப் புரதத்துக்கு என்ன வேலை? செல்லின் கழிவைச் செரிப்பது லைசோசோம். செரிக்கும் நொதிகளைக் கால்கி உறுப்பிலிருந்து, அதாவது செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் இடத்திலிருந்து, ஏற்பி என்ற ஒரு சுமக்கும் புரதம் பிடித்து வந்து எண்டோசோம் என்ற இடைவழிப் பையில் சேர்க்கிறது. அங்கே அமிலத்தன்மை கூடுதல், அதனால் பிடி தளர்ந்து நொதி கழன்றுகொள்கிறது. நொதி லைசோசோமுக்குப் போய்விடும். சரி, ஏற்பி? சரக்கை இறக்கிய வண்டி மாதிரி அது திரும்பிப் போயாக வேண்டும். இல்லையென்றால் அதுவும் செரிமானமாகிவிடும்.

அதை மீட்பதுதான் ரெட்ரோமர். விபிஎஸ்26, 29, 35 என்ற மூன்று புரதங்களின் கூட்டு. இது வேலை செய்யும் விதம் எனக்கு அலுப்பதே இல்லை. 2018-இல் ஒரு பூஞ்சையின் ரெட்ரோமரை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முப்பரிமாணமாகப் பார்த்தார்கள். இரண்டு விபிஎஸ்35-கள் உச்சியில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளைவாக நிற்கின்றன. வளைவின் கால்களில் விபிஎஸ்26. இப்படி வளைவுக்குப் பக்கத்தில் வளைவாக அடுக்கி, எண்டோசோமின் சவ்வை மெல்லிய குழாயாக இழுத்துவிடுகின்றன. ஏற்பிகள் அந்தக் குழாய்க்குள் சேர, குழாய் அறுந்து கால்கியை நோக்கிப் போகிறது.

620-ஆவது இடம் மாறினாலும் மூன்றும் கூடத்தான் செய்கின்றன. ஆனால் எண்டோசோமின் மேல் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளைக் கட்டும் 'வாஷ்' என்ற புரதக் கூட்டுடன் பிணைப்பு பலவீனமாகிறது, அனுப்பும் வேலை தடுமாறுகிறது. நோயாளிகளின் மூளையில் திரளும் ஆல்ஃபா-சினூக்ளின் என்ற புரதத்தைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான கத்தெப்சின் டி-யும் இந்த ஏற்பிகளை நம்பித்தான் போகிறது.

ரெட்ரோமரை முதலில், 1998-இல், கண்டது ஈஸ்ட்டில். அங்கே யாரும் மூளை நோயைத் தேடவில்லை. ஓர் ஏற்பி எப்படித் திரும்பி வருகிறது என்றுதான் கேட்டார்கள். இதனால் மனிதருக்கு என்ன பயன் என்று தொடக்கத்திலேயே கேட்டு நிதியை மறுப்பது பெரிய தவறு என்பேன்.

அப்புறம் இன்னொரு தொடர்பும் தெரியவந்தது. இதே பிழை, பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 என்ற வேறொரு நொதியின் செயலைக் கூட்டிவிடுகிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே நோயாளிகளிடம் சோதனைக்கு வந்திருக்கின்றன.