விண்டோஸ் அடிக்க முதல் ஒரு கேள்வி

கிளிநொச்சியில் கணினி திருத்தும் வேலைக்கு வந்து 13 வருடமாகிறது. கிழமைக்கு இரண்டு மூன்று பேராவது இதே கதையோடு வருவார்கள்: "தம்பி, ஓன் ஆகுது, ஆனால் கறுப்பு ஸ்கிரீனில ஏதோ இங்கிலிஸ் எழுத்து வந்து நிக்குது, விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ." அந்த எழுத்து பெரும்பாலும் 'நோ பூட்டபிள் டிவைஸ்', அதாவது எழும்புவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லை, என்றுதான் இருக்கும். விண்டோஸ் அடிப்பது, அதாவது அதைப் புதிதாக ஏற்றுவது, பெரிய வேலை இல்லை. ஆனால் அதற்கு முதல், "உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கணினிப் பெட்டியை வாங்கி மேசைக்குக் கீழே வைக்கிற இடத்தில் தயவுசெய்து கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய அல்பம் இருப்பது அரிது. 2009 இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டன. பிறகு கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் உறவுகளிடம் கேட்டு, ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லிச் சேர்த்த படங்கள், காணி உறுதியின் பிரதி, பிள்ளையைத் தேடி எழுதிய கடிதங்கள், இவ்வளவும் பழைய மேசைக் கணினி ஒன்றின் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அதைப் போமட் பண்ணி, அதாவது வெறுமையாக்கி, அதன்மேல் புதிதாக விண்டோஸ் ஏற்றினால், புது ஃபைல்கள் எந்த இடத்தில் எழுதப்பட்டதோ அந்த இடத்தில் இருந்த பழையது போனது போனதுதான். எந்த மென்பொருளாலும் அதை எடுக்க முடியாது.

கணினி பூட் ஆகவில்லை, அதாவது விண்டோஸ் எழும்பவில்லை, என்பதற்காக ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவெடுக்கக் கூடாது. ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர், புது டிஸ்க் போட வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லிவிட்டதாகச் சோர்ந்துபோய் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கை மதர்போர்ட்டோடு இணைக்கும் சாட்டா வயர் பாதி கழன்று நிற்கிறது. கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வந்த பெட்டி, கழலாமல் என்ன செய்யும்? வேறு வயர் மாட்டினோம், ஐந்து நிமிடத்தில் எழும்பிவிட்டது. இன்னொன்று, மதர்போர்ட்டில் இருக்கும் காசு போன்ற வட்ட பட்டரி. அது இறங்கினால் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும், கணினி தொடங்கும்போது பார்க்கும் பயோஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும், சில கணினிகள் அதனாலேயே விண்டோஸைக் கண்டுபிடிக்காமல் நிற்கும். சில நூறு ரூபா பட்டரி போட்டு, அமைப்பைச் சரியாக்கினால் போதும்.

மின்வெட்டால் வருவது வேறு வகை. 2022 பங்குனி கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில் என் மேசை நிறைய இப்படியான பெட்டிகள்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் குழம்பிவிடும். பழைய முறை டிஸ்க்குகளில் பூட் ஆவதற்கான குறிப்பும் பிரிவுகளின் அட்டவணையும் முதல் 512 பைட்டுக்குள் அடங்கியவை. அந்தச் சின்ன இடம் கெட்டாலும் உங்கள் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த நேரத்தில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். "இதைப் பாவிக்க முதல் போமட் பண்ண வேண்டும், பண்ணவா?" என்று விண்டோஸே கேட்கும். வேண்டாம் என்று கொடுங்கள். ஆம் என்று அழுத்திவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால்? காதை வைத்துக் கேளுங்கள். டிக், டிக், டிக் என்று ஒரே அளவில் தட்டுகிறதா? உடனே நிறுத்துங்கள், இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம். உள்ளே நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டுக்கு மேலே வாசிக்கும் முனை பறக்கும் உயரம் சில நானோமீட்டர்தான். எங்கள் தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். அப்படியான இடத்தில் முனை சிதைந்து தட்டில் உரசினால், ஒவ்வொரு முறை நீங்கள் ஓன் பண்ணும்போதும் படங்கள் தூளாகிக்கொண்டிருக்கும். பரந்தன் புழுதியில் அதை ஸ்குரூட்ரைவரால் திறந்து பார்ப்பதைப்பற்றிச் சொல்லவே தேவையில்லை. பிரிட்ஜில் வைத்தால் வேலை செய்யும் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு வருகிறார்கள். வெளியே எடுத்ததும் எங்கள் ஈரக்காற்றில் தட்டிலேயே நீர் வியர்க்கும், வைக்காதீர்கள். இப்படித் தட்டுகிற டிஸ்க்கை நானும் தொடமாட்டேன். தூசியில்லாத அறை உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அதற்குச் செலவு அதிகம் என்பதையும் முதலே சொல்லிவிடுவேன்.

தட்டாமல், ஆனால் மிக மெதுவாக, வாசிப்பதும் நிற்பதுமாக இருக்கிற டிஸ்க் என்றால் எங்கள் மட்டத்தில் வழி இருக்கிறது. போன மாரியில் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு அக்கா உரப்பைக்குள் கட்டி ஒரு பெட்டி கொண்டுவந்தா. 500 ஜிபி டிஸ்க். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், வாசிக்க முடியாமல் காத்துக்கிடக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கை பத்து நிமிடத்துக்குள்ளேயே ஏறுகிறது. இந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட விடுவது பெரிய பிழை. களைத்து விழப்போகிற மாட்டை வண்டியில் பூட்டி அடிப்பது போல, அது முழு டிஸ்க்கையும் திரும்பத் திரும்ப உழுது சாகடித்துவிடும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் பென்ட்ரைவிலிருந்து எழுப்பி, டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். அது முதலில் நல்ல இடங்களை அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில்தான் திரும்பி வந்து முயற்சிக்கும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைக்கும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யூபிஎஸ் போட்டு மூன்று இரவு ஓடியது. அப்புறம் மீட்கும் வேலை எல்லாம் பிரதியில்தான், மூல டிஸ்க்கைக் கழற்றிப் புறம்பாக வைத்துவிட்டேன்.

சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அது தட்டாது, முனகாது, சொல்லாமலே போகும். போமட் பண்ணினால் பெரும்பாலும் தானே உள்ளே துடைத்தும் விடும், ஆகவே பிரதி இல்லாமல் அதில் எதையும் வைக்காதீர்கள்.

அக்காவின் படங்களில் பெரும்பகுதி வந்துவிட்டது. கலியாணப் படங்களில் ஒன்று மட்டும் மேல் பாதி தெளிவாகவும் கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் வந்தது. அதை அழித்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, அம்மாவின்ர முகம் மேலதான் இருக்கு" என்றா. இரண்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன், ஒன்று வவுனியாவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறது.