ஆடைக்குள் மறையும் ரிவால்வர்: எடை குறையும்போது என்னென்ன கூடுகிறது?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு, இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதிச் சீட்டுகூடத் தேவையில்லை. அனுமதி கேட்பவர் தமக்கெனத் தனிப்பட்ட தேவை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் வைத்திருந்த நிபந்தனையையும் 2022 ஜூன் மாதம் ப்ரூயன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. எங்கெல்லாம் எடுத்துச் செல்லலாம், எங்கெல்லாம் கூடாது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன என்றாலும், இப்பழக்கம் அங்கே பரவலானது. அப்படி எடுத்துச் செல்வோரில் ஒரு பகுதியினர், பதினைந்து தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் அரைத்தானியங்கிப் பிஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கும் இக்காலத்திலும், ஐந்தே தோட்டா கொள்ளும் குட்டை ரிவால்வரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற விவாதம் வேறு. இந்தச் சிறு இயந்திரத்தை எடுத்துச் செல்ல எளிதாக்கும் ஒவ்வொரு மாற்றமும் அதைக் கையாளக் கடினமாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்த முரண் தெரிவதில்லை, சுடும்போதுதான் தெரிகிறது.

இவ்வகையின் முன்னோடி, கோல்ட் நிறுவனம் 1927இல் வெளியிட்ட டிடெக்டிவ் ஸ்பெஷல். இரண்டு அங்குலக் குழலும் தோட்டா அமரும் ஆறு அறைகளும் கொண்ட அது .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டது. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற மாடலைக் கொண்டுவந்தது. ஆறு அறைகளுக்குப் பதில் ஐந்தே அறைகள் வைத்ததால் அந்த அறைகளைத் தாங்கிச் சுழலும் உருளையான சிலிண்டரின் விட்டத்தைச் சுமார் 33 மில்லிமீட்டருக்குள் அடக்க முடிந்தது. ரிவால்வரில் மிகத் தடித்த பகுதி சிலிண்டர்தான். இடுப்பிலும் பையிலும் துருத்திக்கொண்டு நிற்பதும் அதுதான். ஆகவே, ஒரு தோட்டாவைத் தியாகம் செய்து பெற்ற அந்தச் சில மில்லிமீட்டர்கள் மறைத்து எடுத்துச் செல்வதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. ஐந்து அறைகளில் வெளியே தெரியாத இன்னொரு நன்மையும் உண்டு. சிலிண்டரைச் சரியான இடத்தில் நிறுத்திப் பூட்டும் சிறு நாக்கு சட்டகத்தின் அடிப்பகுதியிலிருந்து எழும்பி, சிலிண்டரின் புறச்சுவரில் வெட்டப்பட்ட காடியில் விழுகிறது. ஆறு அறைகள் இருந்தால், மேலே ஓர் அறை குழலோடு நேர்ப்படும்போது கீழேயும் ஓர் அறை நேராக நிற்கும். காடி அந்த அறையின் மெல்லிய சுவருக்கு மேலேயே விழாதபடி வடிவமைப்பாளர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகள் என்றால் கீழே நிற்பது இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட தடித்த உலோகம். காடி இயல்பாகவே வலுவான இடத்தில் அமைந்துவிடுகிறது.

இனி எடைக்கு வருவோம். தேர்வில் தலையாய காரணி எடைதான் என்பது என் உறுதியான கருத்து. எஃகால் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 640 சுமார் 650 கிராம் எடையுள்ளது. கிட்டத்தட்ட அதே வடிவில் அலுமினியச் சட்டகம் கொண்ட 642 சுமார் 410 கிராம். இரண்டு செல்பேசிகளை ஒன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட எடைதான். ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட 340பிடி சுமார் 330 கிராம் மட்டுமே. நாள் முழுவதும் சுமப்பவருக்கு 330 கிராம் இனிமையானது. ஆனால் இங்கே உந்த அழிவின்மை விதி குறுக்கிடுகிறது. முன்னே செல்லும் குண்டும் வாயுவும் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெற்றே தீர வேண்டும். 10.2 கிராம் எடையுள்ள சாதாரண .38 ஸ்பெஷல் குண்டு, குட்டைக் குழலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 210 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். வாயுவின் பங்கையும் சேர்த்தால் மொத்த உந்தம் சுமார் 2.5 கிலோகிராம் மீட்டர்/வினாடி. இந்த உந்தத்தை 650 கிராம் எஃகு ரிவால்வர் ஏற்கும்போது அது வினாடிக்கு 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில் கையை உதைக்கிறது. உதையின் ஆற்றல் சுமார் 5 ஜூல். 410 கிராம் அலுமினிய ரிவால்வரோ வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், ஏழரை ஜூல் ஆற்றலோடு உதைக்கிறது. உந்தம் மாறாதபோது, நிறை எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் உதையின் ஆற்றல் கூடும். 330 கிராம் துப்பாக்கியில் இன்னும் வலுவான .357 மேக்னம் தோட்டாவைப் போட்டால் உந்தமே 4.3 அளவுக்கு உயர்ந்து, ஆற்றல் 28 ஜூல் வரை போகிறது. அதாவது எஃகு ரிவால்வரில் .38 சுடும்போது கை தாங்குவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இதைத் தாங்கிச் சுடப் பழகியவர்கள் இல்லாமல் இல்லை, மிகக் குறைவு. வலிக்கிற துப்பாக்கியைக் கொண்டு யாரும் பயிற்சி செய்வதில்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

இந்த உதை கையை மட்டுமல்ல, உள்ளே காத்திருக்கும் தோட்டாக்களையும் பாதிக்கிறது. துப்பாக்கி சடாரெனப் பின்னோக்கி நகரும்போது தோட்டாக் கூடுகள் அதனுடன் சேர்ந்தே நகர்கின்றன. ஆனால் அவற்றின் வாயில் பொருத்தியுள்ள கனமான குண்டுகள் தம் நிலைமத்தால் அங்கேயே நிற்க முயல்கின்றன. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் பிடி போதாவிட்டால், ஒவ்வொரு சூட்டிலும் குண்டு சிறிது சிறிதாக முன்னே நழுவி, கடைசியில் சிலிண்டரின் முன்முகத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது அது சட்டகத்தில் இடித்து, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ரிவால்வர் ஒருபோதும் சிக்கிக்கொள்ளாது என்று நம்பி வாங்கியவருக்கு, அந்த நம்பிக்கை பொய்க்கும் இடம் இதுதான். இதற்கான சோதனை எளிது. ஐந்து தோட்டாக்களின் நீளத்தையும் அளந்து நிரப்பி, நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்து மீண்டும் அளக்க வேண்டும். நீளம் கூடியிருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டா பொருந்தாது.

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் பெயரில் வேறுபட்டாலும் இரண்டின் குண்டுகளுக்கும் ஒரே விட்டம்தான்; .357 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.1 மில்லிமீட்டர். 1898ஆம் ஆண்டைச் சேர்ந்த .38 ஸ்பெஷல் கருமருந்துக் காலத்து வடிவமைப்பு. இன்றைய வெடிமருந்து அந்த நீண்ட கூட்டில் ஒரு பகுதியை மட்டுமே நிரப்புகிறது. அமெரிக்கத் தொழில்துறைத் தரப்படி அதன் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). ப்ளஸ் பி என்று குறிக்கப்பட்ட கூடுதல் அழுத்த வகைக்கு 20,000. 1935இல் சந்தைக்கு வந்த மேக்னத்துக்கோ 35,000. பழைய .38 துப்பாக்கியில் தவறுதலாக நுழைந்துவிடாதபடி மேக்னத்தின் கூடு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக ஆக்கப்பட்டது. ஆகவே மேக்னம் ரிவால்வரில் .38ஐச் சுடலாம், மறுதலையாகச் செய்ய இயலாது. ஆனால் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழலில் மேக்னத்தின் வெடிமருந்து முழுவதும் எரிந்து முடியும் முன்பே குண்டு வெளியேறிவிடுகிறது. எஞ்சியது குழலுக்கு வெளியே தீப்பிழம்பாகவும் பேரோசையாகவும் செலவாகிறது. கைத்துப்பாக்கி ஓசை பொதுவாகவே 150 டெசிபெலைத் தாண்டும். காதுக்குப் பாதுகாப்பான உச்ச வரம்பாகக் கொள்ளப்படுவது 140. மூடிய அறைக்குள் குட்டைக் குழல் மேக்னத்தின் விளைவு எப்படியிருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். கிடைக்கும் கூடுதல் வேகத்துக்காக இவ்வளவையும் ஏற்பது, பெரும்பாலோருக்குப் பயன் தராத பேரம் என்றே கருதுகிறேன். மேக்னம் துப்பாக்கியை வாங்கி அதில் .38 மட்டுமே பயன்படுத்துவோர் பலர் உண்டு. அது அறிவான வழி.

குழல் நீளத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அரைத்தானியங்கிப் பிஸ்டலில் தோட்டா அமரும் அறையும் சேர்த்தே குழல் நீளம் அளக்கப்படுகிறது. ரிவால்வரில் சிலிண்டருக்கு முன்னே உள்ள பகுதி மட்டுமே கணக்கு. எனவே இரண்டின் எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. குழல் குட்டையாக இருந்தால் அதன் அடியில் மடங்கியிருக்கும் வெளியேற்றுத் தண்டும் குட்டையாகிறது. சுட்டு முடித்த கூடுகளை அது பாதி தூரமே தள்ளும். நீளமான மேக்னம் கூடுகள் அறையிலேயே தொங்கி நிற்கும். மூன்று அங்குலக் குழல் கொண்ட மாடல்களில் தண்டு முழு நீளத்துக்கு இயங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. இடுப்பில் அணிவோர் மூன்று அங்குலத்தை அவசியம் பரிசீலிக்க வேண்டும். கால்சட்டைப் பையில் வைப்போருக்கு அது நீளம் மிகுதி.

குறிபார்த்தலிலும் நீளம் பேசுகிறது. குட்டை ரிவால்வரில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு மீட்டர் தொலைவில் குண்டு கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் விலகி விழும். நான்கு அங்குலக் குழலில் அந்த இடைவெளி 15 சென்டிமீட்டர் என்பதால் அதே தவறு ஐந்து சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. குழலின் நீளத்தால் குண்டின் துல்லியம் கெடுவதில்லை. சுடுபவரின் சிறு பிழையைக் குட்டைத் துப்பாக்கி பெரிதாக்கிக் காட்டுகிறது.

அந்தப் பிழை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? டிரிக்கரிலிருந்து. இவ்வகை ரிவால்வரில் டிரிக்கரை ஒருமுறை இழுக்கும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒரு சிறு நெம்பு மேலெழுந்து சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளி அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவருகிறது. சுத்தியல் பின்னே சாய்ந்து முதன்மைச் சுருள்வில்லை அழுத்துகிறது. இறுதியில் பிடி விடுபட்டுச் சுத்தியல் முன்னே பாய்ந்து தோட்டாவின் அடியிலுள்ள தீக்குமிழைத் தாக்க வழி செய்கிறது. இத்தனைக்கும் தேவையான ஆற்றல் ஒற்றை விரலிலிருந்து வர வேண்டும் என்பதால் இழுவிசை நாலரை முதல் ஐந்தரை கிலோகிராம் வரை இருக்கிறது. அலுமினியத் துப்பாக்கியின் எடையோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விரல் இழுக்கும் திசை சற்றே கோணினாலும் இலேசான துப்பாக்கி அப்படியே திரும்பிவிடும். வில்லைத் தளர்த்திவிடலாமே என்று தோன்றும். தளர்த்தினால் அடியின் வேகம் குறைந்து தோட்டா வெடிக்காமல் போகும் அபாயம் உண்டு. 2009இல் வந்த ரூகர் எல்சிஆர் இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. வில்லின் வலுவைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, உராய்வைக் குறைக்கும் வளைபரப்பு ஒன்றின் வழியாக இழுப்பு நெடுகிலும் விசை சீராகப் பரவும்படி செய்தது. ஒரு ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர், காலித் துப்பாக்கியின் டிரிக்கரைத் தொடர்ந்து ஐந்து முறை, குறி அசையாமல் இழுத்துப் பார்க்க வேண்டும். விரல் வலுக் குறைந்த முதியவர்களும் மூட்டுவலி உள்ளவர்களும் சில மாடல்களை ஒருமுறைகூட முழுதாக இழுக்க முடியாமல் தவிப்பதுண்டு. அவர்களிடம் ரிவால்வர் எளிமையானது என்று விற்பனையாளர் சொல்லுவது பாதி உண்மைதான்.

வெளியே நீட்டியிருக்கும் சுத்தியலின் கொக்கி துணியில் மாட்டிக்கொள்ளும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த குறை. கோல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் 1920களில் தம் ரிவால்வர்களின் கொக்கியை அரிந்தெடுத்தார். டிரிக்கர் காப்பின் முன்பாதியையும் வெட்டினார். இரண்டாவது மாற்றம் ஆபத்தானது, இன்று யாரும் பின்பற்றக் கூடாதது. முதலாவதோ நிலைத்துவிட்டது. 1952இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் நூற்றாண்டை ஒட்டி வெளியிட்ட சென்டெனியல் மாடலில் சுத்தியல் முழுவதும் சட்டகத்துக்குள் மறைந்தது. பையில் வைத்துச் செல்வதற்கு இந்த அமைப்பே சிறந்தது. நூலும் தூசியும் உள்ளே நுழையும் வழியும் குறைகிறது. சுத்தியலை முன்கூட்டியே சாய்த்து இலேசான இழுப்பில் சுடும் வசதி இதில் இல்லை. பதற்றத்தில் அந்த வசதி விபத்துக்கே வழிவகுக்கும் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

கீழே விழுந்தால் வெடிக்குமா என்ற அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1873இன் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் போன்ற துப்பாக்கிகளில் சுத்தியலின் ஊசி தோட்டாவின் மீதே சாய்ந்திருந்ததால், ஆறு அறைகளில் ஒன்றைக் காலியாக விட்டு அதன்மேல் சுத்தியலை இறக்கி வைப்பது வழக்கமாயிருந்தது. இன்றைய ரூகர் ரிவால்வரில் சுத்தியலுக்கும் சட்டகத்திலுள்ள ஊசிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. டிரிக்கரை முழுவதும் இழுத்தால் மட்டுமே ஒரு தட்டையான எஃகுச் சட்டம் மேலெழுந்து இரண்டுக்கும் நடுவே நிற்கும். சுத்தியல் சட்டத்தை அடிக்க, சட்டம் ஊசியைத் தள்ளும். டிரிக்கரை விட்டதும் சட்டம் கீழே இறங்கிவிடும், பிறகு சுத்தியலை எவ்வளவு தட்டினாலும் அடி ஊசியைச் சேராது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதற்கு நேர்மாறாக, டிரிக்கர் இழுக்கப்படாதவரை சுத்தியலைத் தடுத்து நிற்கும் ஒரு தடையை வைக்கிறது. இரண்டுமே நம்பகமானவை. எனினும் இவை விழுவதிலிருந்துதான் காக்கின்றன. டிரிக்கரில் ஏதேனும் மாட்டினால் காப்பதற்குப் பெரும்பாலான ரிவால்வர்களில் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. அதனால்தான் டிரிக்கரை முழுவதும் மூடும் கெட்டியான உறை கட்டாயம். அந்த உறையுள்ள பையில் சாவியோ நாணயமோ எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், உடலில் அணியாத நேரமெல்லாம் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கனமான டிரிக்கரைச் சிறு குழந்தையால் இழுக்க முடியாது என்று நம்புவோர் இருக்கிறார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து அழுத்தினால் குழந்தையாலும் முடியும்.

பயன்படுத்திய ரிவால்வரை வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைப்பட்ட மெல்லிய இடைவெளி. சிலிண்டர் தடையின்றிச் சுழல அது தேவை, 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. ஒவ்வொரு சூட்டிலும் கொதிக்கும் வாயு அதன் வழியே பக்கவாட்டில் கத்திபோல் பீறிடுவதால், தாங்கும் கையின் கட்டைவிரல் அங்கே நீளவே கூடாது. துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை உறுதிசெய்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, டிரிக்கரை மிக மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். சுத்தியல் விடுபடுவதற்கு முன்பே சிலிண்டர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் சுத்தியல் விழுந்தால் அறை குழலோடு நேர்ப்படவில்லை என்று பொருள். சுடும்போது குண்டின் விளிம்பு சீவப்பட்டு ஈயத் துகள்கள் அந்த இடைவெளி வழியே தெறிக்கும். ஐந்து அறைகளுக்கும் தனித்தனியே இதைச் சோதிக்க வேண்டும். ஓர் அறை தவறினாலும் அதை வாங்காமல் விட்டுவிடலாம், அல்லது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே விலை பேசலாம்.