காது, பல், கைத்தடி: மலையில் வாழும் பெரியவர்களுக்கு வயோஸ்ரீ திட்டம்

கல்யாணம், சாவு, ஊர்க்கூட்டம் எதுவானாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்த பெரியவர் ஒரு கட்டத்தில் வராமல் நின்றுவிடுவார். "வயசாயிடுச்சு" என்று ஊரும் விட்டுவிடும். வீட்டில் விசாரித்தால் பேச்சு காதில் சரியாக விழவில்லை, பந்தியில் மெல்லப் பல் இல்லை, தேயிலைத் தோட்டத்து லயன் (தொழிலாளர் வரிசை) வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற நாற்பது படி என்பார்கள். இந்தக் குறைகளுக்கு உதவும் கருவிகளை இலவசமாகத் தருவதுதான் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2017 முதல் நடத்துகிறது. கருவிகளைச் செய்து தருவது கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம்.

60 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கைத்தடி, முழங்கை ஊன்றுகோல், வாக்கர், மூன்று அல்லது நான்கு கால் தடி, காது கேட்கும் கருவி, கண்ணாடி, பல் செட், சக்கர நாற்காலி ஆகியவை கிடைக்கும். காதும் மந்தம், காலும் பலவீனம் என்றால் இரண்டுக்கும் கருவி உண்டு. ஒன்றுதான் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு மற்றதைச் சொல்லாமல் வந்துவிடுகிறவர்கள் நிறைய.

ஆதார், புகைப்படம், முதியோர் உதவித்தொகை ஆணையின் நகல் கையில் இருக்கட்டும். உதவித்தொகை வாங்காதவர்கள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. பெரியவரின் பெயர் மகனுடைய ரேஷன் கார்டில் இருந்தால், மகனின் சம்பளமும் சேர்ந்து தொகை ஏறிவிட வாய்ப்புண்டு. இதை வி.ஏ.ஓ. விசாரிக்கும்போதே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனத்துக்கான அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கருவி கேட்டுப் பார்க்கலாம்.

திட்டம் பெரும்பாலும் முகாம் வழியாக நடக்கிறது. முதலில் அளவெடுக்கும் முகாம். கருவி வந்த பிறகு, வழங்கும் முகாம். இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஆகலாம், இங்கேதான் பலர் விட்டுப்போகிறார்கள். பதிவில் கொடுத்த போன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனுடையதாக இருக்கும். அழைப்பு அவனுக்குப் போகும், வீட்டுக்குச் செய்தி வராது. அதே ஊரில் இருப்பவரின் நம்பரைக் கொடுங்கள், பதிவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முகாம் தேதியை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். முதியோருக்கான கட்டணமில்லா எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டி போய்வரவே ஒரு பகல் கழிந்துவிடும். முகாம் ஊட்டியில் என்றால், ஊராட்சியில் பேசி நாலைந்து பேர் ஒரே வண்டியில் போவது நல்லது.

அளவெடுப்பவர் சமதளத்தில்தான் நடக்கச் சொல்வார். உங்கள் வீட்டுப் பாதை எப்படிப்பட்டது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான்கு கால் தடியின் நான்கு கால்களும் தரையில் படிந்தால்தான் அது தாங்கும். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஒரு கால் தூக்கிக்கொள்ளும், ஆள் சாய்ந்துவிடுவார். சரிவிலும் படியிலும் நடக்க அகலமான ரப்பர் அடி வைத்த ஒற்றைத் தடிதான் மேல். செருப்புப் போட்டு நின்று, கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். ரப்பர் அடியின் வரிகள் தேய்ந்துவிட்டால் மழையில் ஈரக் கல்லில் வழுக்கும், உடனே மாற்றுங்கள். வாசலிலிருந்து ரோடு வரை படிகள் இருந்தால் சக்கர நாற்காலி வீட்டு மூலையில்தான் கிடக்கும்.

காதுக் கருவிக்கு மலையில் பெரிய எதிரி ஈரம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தான் பேட்டரியாக இருந்தால், ஸ்டிக்கரை உரித்ததுமே தீரத் தொடங்கிவிடும். மாட்டப் போகும்போது மட்டும் உரித்து, ஒரு நிமிடம் கழித்துப் போடவும். கருவி 'கீ' என்று கத்தினால் காதுக்குள் சரியாகப் பொருந்தவில்லை அல்லது குறும்பி அடைத்திருக்கிறது. குறும்பியை முகாமுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துவிடுவது நல்லது. முதல் வாரம் வீட்டில் ஒருவரோடு மட்டும், தினம் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுப் பழகட்டும். வாங்கிய அன்றே சந்தைக் கூட்டத்துக்குப் போட்டுப் போனால் இரைச்சலில் வெறுத்துப்போய்க் கழற்றி வைத்துவிடுவார்கள். அப்புறம் மறுபடி போட வைப்பது பெரும்பாடு.

ஓராண்டு வரை பராமரிப்பு இலவசம். தடியோ வாக்கரோ பிடித்து நடக்கத் தடுமாறுகிறவர்கள் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். வீட்டுப் படியிலேயே ஏறி இறங்கக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.