சொல் கிடைக்காத நினைவு

1988இல் இராக் ராணுவம் அந்நாட்டுச் சிறுபான்மையினரான குர்து மக்களின் கிராமங்கள்மீது நச்சுவாயுக் குண்டுகளை வீசியபோது சோமன் ஹார்டி 14 வயதுச் சிறுமி. கைக்குழந்தையாக ஏற்கெனவே ஒருமுறை குடும்பத்தோடு ஈரானுக்கு ஓடியவர், மறுபடியும் அகதியானார். 1993இல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார். குர்திஷில் கவிதை எழுதிவந்தவரின் முதல் ஆங்கிலத் தொகுப்பு 2004இல் வெளிவந்தது.

எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஏன் கவிதையைத் தேடிப் போகிறார்கள்? 'எழுதினால் மனபாரம் குறையும்' என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

'சொல்ல வாய் வரவில்லை' என்கிறோமே, அது மூளையிலேயே தெரிகிறது. 1996இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், கொடுமைகளால் மனம் அதிர்ந்து நோயுற்ற சிலரை அவரவர் அனுபவத்தையே ஒலிநாடாவில் கேட்கவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவில் ரத்த ஓட்டம் கூடியது. பேச்சுக்கான புரோக்கா பகுதியில் குறைந்தது. எட்டே பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் தப்பி வந்தவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது: புகை நாற்றமும் அலறலும் அப்படியே வந்து நிற்கும், வாக்கியம் மட்டும் வராது.

கவிதை முழுக்கதையைக் கேட்பதில்லை. ஓடிவந்த இரவை முதலிலிருந்து சொல்ல முடியாதவரும், வாசலில் விட்டுவந்த செருப்பைப் பற்றி நான்கு வரி எழுதிவிடலாம். அதில் பயத்துக்குப் பயம் என்று பெயர் கிடைத்துவிடுகிறது. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது அமிக்டலாவின் கொதிப்பு தணிவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியது.

வந்த நாட்டின் மொழியும் ஒரு கவசமாகலாம். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களிடம் 2003இல் ஓர் ஆய்வு நடந்தது. சிறுவயதில் கேட்ட வசவுகளைத் தாய்மொழியில் கேட்டபோது மனம் பதறுவதன் அடையாளமாக அவர்கள் தோலில் வியர்வை அதிகம் சுரந்தது. ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. தாய்மொழியில் தொட்டால் சுடுகிற நினைவை இன்னொரு மொழியில் சற்றுத் தள்ளிவைத்துப் பார்க்க முடிகிறது.

ஆனால் எழுதியவுடன் ஆறிவிடாது. 1986இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் தங்கள் துயரத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்கள் மனம் இன்னும் கனத்தது. அடுத்த மாதங்களில்தான் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது. அகதிக்கோ தலைக்குமேல் கூரையும், துரத்த மாட்டார்கள் என்ற உறுதியும், தேவைப்பட்டால் சிகிச்சையும் முதலில் வேண்டும். கவிதையை அவற்றுக்கு மாற்றாக யாரும் நீட்டக் கூடாது.

ஹார்டி பின்னர் அந்தப் படுகொலையில் உயிர் தப்பிய பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார். 2014இல் பிறந்த ஊரான சுலைமானியாவுக்கே திரும்பிவிட்டார்.