அயல்மொழி பேசும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

வெளிநாடு போய்வந்தால் மனம் விரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதனால் விரிகிறது என்று கேட்டால் பதில் சட்டென வருவதில்லை. ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: அங்குள்ளவர்களோடு அவர்கள் மொழியில், தப்பும் தவறுமாகவேனும் பேசிப் பழகுவதில்தான் அந்த மாற்றத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

இரண்டு மொழி அறிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது உறங்கிவிடுவதில்லை. ஒரு பொருளைக் கண்டதும் இரு மொழிச் சொற்களும் போட்டி போட்டுக்கொண்டு எழுகின்றன. சிறுவயது முதல் பழகிய தாய்மொழிச் சொல்லே முந்துகிறது. புதுமொழிச் சொல் நாவுக்கு வர வேண்டுமானால், முந்தி வருவதை மூளை அடக்கியாக வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதிகளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. புதுமொழியில் சற்று நேரம் பேசினாலே களைப்பு வருவதற்கு இந்த ஓயாத மல்லுக்கட்டும் ஒரு காரணம்.

அயல்நாட்டில் இந்த அடக்குதல் எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஜாரெட் லிங்க், ஜூடித் க்ரோல் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஸ்பெயினில் தங்கி ஸ்பானிஷ் கற்ற அமெரிக்க மாணவர்களையும், சொந்த நாட்டு வகுப்பறையில் கற்றவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு வகையைச் சொல்லி, அதில் அடங்கும் பெயர்களைக் குறித்த நேரத்துக்குள் அடுக்கச் சொன்னார்கள். ஸ்பெயினில் இருந்தவர்களுக்கு ஸ்பானிஷ் பெயர்கள் அதிகம் வந்தன. ஆனால் பிறந்தது முதல் பேசிவந்த ஆங்கிலத்திலோ, வகுப்பறை மாணவர்களைவிடக் குறைவாகவே வந்தன! அவர்கள் ஆங்கிலத்தை மறந்துவிடவில்லை. மூளை அதைச் சற்றே பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. வகுப்பறையில் மணி அடித்ததும் தாய்மொழிக்குத் திரும்பிவிடலாம். அயலூர்த் தெருவிலும் கடையிலும் அந்த வசதி இல்லை. அந்த நெருக்கடிதான் புதுமொழிக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறது.

இதில் எதிரே நிற்கும் மனிதருக்கு உள்ள பங்கு பெரிது. பாட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் 12 அமர்வுகளில் விளையாடினார்கள், கதைப் புத்தகம் வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் என்றபோது குழந்தைகள் எதையும் கற்கவில்லை. பெரியவர்கள் திரையிலிருந்தும் கற்க முடியும், உண்மைதான். ஆனால் நாம் சொன்னது புரிந்ததா என்று காட்டும் முகக்குறிப்பும், திருத்திச் சொல்லும் பொறுமையும் நேரில்தான் முழுமையாகக் கிடைக்கின்றன.

அயல்மொழி நம் தீர்ப்புகளையும் அசைக்கிறது. ஓடிவரும் ரயில்வண்டியில் அடிபடவிருக்கும் ஐந்து பேரைக் காப்பாற்ற, வண்டியை நிறுத்துவதற்காக ஒருவரைப் பாலத்திலிருந்து அதன் முன்னே தள்ளிவிடலாமா என்ற புகழ்பெற்ற சிக்கலை ஆல்பர்ட் கோஸ்டா குழுவினர் பலரிடம் வைத்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வில், தாய்மொழியில் கேட்கப்பட்டவர்களில் 20 விழுக்காட்டினர் தள்ளலாம் என்றார்கள். அயல்மொழியில் கேட்கப்பட்டவர்களில் 33 விழுக்காட்டினர். தாய்மொழிச் சொற்களில் ஊறியிருக்கும் உணர்ச்சி, பின்னாளில் கற்ற மொழியில் அவ்வளவு ஒட்டுவதில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம். எது சரியான விடை என்பது வேறு விவாதம். என் முடிவுகளில் எவ்வளவு பங்கு என் மொழியுடையது என்று யோசிக்க வைக்கிறதே, அதுவே பெரிது.

சரி, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாதா? வில்லியம் மேடக்ஸும் ஆடம் கலின்ஸ்கியும் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளில், வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்கும் படைப்பாற்றலுக்கும் தொடர்பு தெரிந்தது. வெறும் சுற்றுலாவுக்கு அது தெரியவில்லை. படைப்பாற்றல் உள்ளவர்கள்தான் வெளிநாட்டில் வாழப் போகிறார்களோ என்ற கேள்வி நியாயமானது. ஜெர்மன் மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, அவர்களில் சிலர் வெளிநாடு போகுமுன்பும் போனபின்பும், ஜூலியா சிம்மர்மனும் ஃபிரான்ஸ் நேயரும் தொடர்ந்து கவனித்து 2013இல் எழுதிய ஆய்வு இங்கே உதவுகிறது. போகுமுன்பே வேறுபாடு இருந்தது உண்மை. அதைக் கழித்த பிறகும், போனவர்களிடம் புதியவற்றை ஏற்கும் மனம் கூடியிருந்தது, மனப்பதற்றம் குறைந்திருந்தது. அந்த மாற்றத்தின் கணிசமான பகுதியை, அங்கே அவர்களுக்குக் கிடைத்த பிறநாட்டு நண்பர்களைக் கொண்டு விளக்க முடிந்தது.