ஊருக்கெல்லாம் ஒரே சக்கரம்

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் மின்சாரமும் போய்விட்டது. காதுகுத்துக்குச் சென்னையிலிருந்து வந்து மழையில் மாட்டிக்கொண்ட அண்ணன் மகள், பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். வளர்ந்தவர்களின் வாழ்க்கையையே விளையாட்டாக ஆக்கியிருக்கும் பெட்டி: 'தி கேம் ஆஃப் லைஃப்'. மடக்குப் பலகை, அதன் நடுவில் 1 முதல் 10 வரை எண் போட்ட பிளாஸ்டிக் சக்கரம், குட்டிக் கார்கள், காரில் மனிதர்களாகக் குத்தி வைக்க நீலமும் இளஞ்சிவப்புமாகக் குச்சிகள், கட்டுக் கட்டாகக் காகிதப் பணம். சக்கரத்தைச் சுற்றி, விழுந்த எண்ணுக்குக் காரை நகர்த்த வேண்டும். படிப்பு, வேலை, கல்யாணம், வீடு, பிள்ளைகள், கடன், ஓய்வு எல்லாம் வழியில் வரும். முடிவில் யாரிடம் பணம் அதிகமோ அவர் வென்றவர்.

அப்பா, அத்தை, அண்ணி, அண்ணன் மகள், நான் என்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். அத்தையே வங்கியும். ஊரில் மகளிர் குழுக் கணக்கைப் பத்து வருடம் எழுதியவர். அவரிடமிருந்து ஒரு தாள் கூடுதலாக நழுவாது.

இந்த விளையாட்டின் மூதாதை 1860-இல் அமெரிக்காவில் பிறந்தது. மில்டன் பிராட்லி என்ற கல்லச்சுக்காரர் ஆபிரகாம் லிங்கனின் படத்தை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். தாடியில்லாத படம். லிங்கன் தாடி வளர்த்துவிட்டார், படம் விலைபோகவில்லை. கைகொடுத்தது, அவர் அச்சடித்த 64 கட்டப் பலகை விளையாட்டு. 100 புள்ளி முதலில் சேர்த்தவருக்கு வெற்றி. 'இனிய முதுமை' என்ற கட்டத்துக்கு மட்டும் 50 புள்ளி. பகடை சூதாட்டத்தின் சின்னம் என்று அந்த ஊரார் முகம் சுளித்ததால், பம்பரம்போலச் சுற்றும் ஆறுமுகச் சுழலி ஒன்றைப் போட்டார். நூறாண்டு கழித்து, 1960-இல், ரூபன் கிளேமர் அதை அடியோடு மாற்றி அமைத்தார். சம்பளமும் சக்கரமும் வந்தது அப்போதுதான்.

சக்கரத்திலிருந்தே தொடங்குவோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. சுற்றுவது நம் விரல். எண்ணைத் தீர்மானிப்பது மட்டும் எப்படி நம் கையில் இல்லாமல் போகிறது?

சக்கரம் உராய்வால் சீராக வேகம் குறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது சுற்றும் மொத்தக் கோணம், தொடக்க வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். வேகம் 1 விழுக்காடு கூடினால் கோணம் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். நல்ல சுண்டு சுண்டினால் சக்கரம் ஐந்து சுற்று வரும். அதாவது 1800 பாகை. அதில் 2 விழுக்காடு 36 பாகை. பத்து எண் கொண்ட சக்கரத்தில் ஓர் எண்ணின் அகலமும் சரியாக 36 பாகைதான். ஆக, விரலின் வேகம் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலே 4 வர வேண்டிய இடத்தில் அடுத்த எண் வந்து நிற்கும். நூற்றில் ஒரு பங்கு துல்லியமாகச் சுண்டும் விரல் யாரிடமும் இல்லை. அதனால் பத்து எண்ணுக்கும் சம வாய்ப்பு. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவன்காரே சூதாட்டச் சக்கரத்தை வைத்து யோசித்து எழுதியதும் இதையே: தொடக்கத்தில் உள்ள சிறு வேறுபாட்டைச் சுழற்சி பெருக்கிப் பெருக்கி, முடிவைக் கணிக்க முடியாததாக்கிவிடுகிறது.

மெதுவாகத் தள்ளினால் கதை வேறு. அரைச் சுற்று என்பது 180 பாகை. அங்கே 1 விழுக்காடு பிசகு வெறும் 3.6 பாகை. பழகிய கை வேண்டிய எண்ணில் நிறுத்திவிடும். அண்ணன் மகள் முதல் சுற்றில் சக்கரத்தைப் பூப்போலத் தொட்டபோதே அத்தை பிடித்துவிட்டார். "முழுதாக ஒரு சுற்று வரவில்லை என்றால் செல்லாது" என்ற எங்கள் வீட்டுச் சட்டம் அப்படிப் பிறந்தது.

எங்கள் தாயக்கட்டையின் கணக்கு இதிலிருந்து மாறுபட்டது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3 புள்ளிகள், ஒரு வெற்று முகம். மொத்தம் 16 சேர்க்கைகள். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்து தாயம் ஆவது இரண்டு சேர்க்கைகளில்தான்; எட்டில் ஒன்று. அதிகம் விழுவது மூன்று; நான்கில் ஒரு வாய்ப்பு. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற விதியின் கொடுமை இதில் தெரியும். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு 34 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் எட்டு உருட்டலுக்குப் பிறகும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் ராசி அப்படி என்று சொல்வோம். கட்டைக்கு ராசியும் தெரியாது, போன உருட்டலில் என்ன விழுந்தது என்பதும் தெரியாது.

ஆனால் தாயத்தில் விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது என்று யோசிக்க இடம் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் அதுவும் இல்லை. பாம்பும் ஏணியும் பார்த்துக்கொள்ளும். வாழ்க்கை விளையாட்டு இரண்டுக்கும் நடுவே, பரமபதத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கல்லூரியா நேரே வேலையா, எந்த வீடு, இந்த வழியா அந்த வழியா என்று நான்கைந்து முடிவுகள், மற்றதெல்லாம் சக்கரம். வேடிக்கை என்னவென்றால் பிராட்லியின் 1860 பலகையில் தேர்வு இதைவிட அதிகம். சுழலியில் விழுந்த எண், எந்தத் திசைகளில் போகலாம் என்று மட்டும் சொல்லும்; எதில் போவது என்பது ஆடுபவர் பாடு.

இன்றைய ஆட்டத்தில் தேர்வு குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு முதல் நிறையே இதுதான். சதுரங்கம் ஆடினால் எண்பது கடந்த அப்பாவை அண்ணன் மகள் பத்து நிமிடத்தில் மூட்டை கட்டிவிடுவாள். இங்கே இருவருக்கும் ஒரே வாய்ப்பு. திறமை குறையக் குறைய, ஒரே பாயில் உட்காரக்கூடியவர்களின் வயது வித்தியாசம் கூடுகிறது.

அப்படியானால் வெற்றியைத் தீர்மானிப்பது எது? பெரிய எண் போடுவது என்று நினைத்தால் ஏமாறுவோம். ஒரு சுற்றின் சராசரி 5.5. இருபது முறை சுற்றினால் சராசரியாக 110 வரும். மூன்றில் இரண்டு முறை 97-க்கும் 123-க்கும் இடையில் நின்றுவிடும். நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகவே ஊர் போய்ச் சேர்கிறோம். மேலும், சம்பள நாள் கட்டத்தில் நிற்க வேண்டியதில்லை, தாண்டினாலே சம்பளம் வந்துவிடும். ஓடினாலும் நடந்தாலும் சம்பள நாட்கள் அனைவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

சராசரியாகாமல் தங்கிவிடுவது ஒன்றுதான்: தொடக்கத்தில் எடுக்கும் வேலை அட்டை. ஒருவருக்கு 1 லட்சம் சம்பளம், இன்னொருவருக்கு 40,000 என்றால், பத்துச் சம்பள நாளில் வித்தியாசம் 6 லட்சம். ஒரே ஒரு முறை பார்த்த அதிர்ஷ்டம், பத்து முறை பெருக்கப்படுகிறது. குறைந்த சம்பள அட்டையை எடுத்த அண்ணி ஆட்டம் முழுக்கச் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், சக்கரம் ஒன்றும் செய்யவில்லை.

அப்பாவுக்குப் பிடிக்காமல் போனது கடன். எங்கள் பெட்டியின் விதிப்படி 50,000 கடன் வாங்கினால் கடைசியில் 60,000 கட்ட வேண்டும். முதல் சுற்றில் வாங்கினாலும் கடைசிச் சுற்றில் வாங்கினாலும் அதே 60,000. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அப்பா கேட்டார்: "அந்த வங்கி எந்த ஊரில் இருக்கிறது? சொல்லுங்கள், நாளைக்கே போகிறேன்."

கேள்வி நியாயமானது. எங்கள் பக்கம் கைமாற்றுக்கு இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 50,000-க்கு மாதம் 1,000. விளையாட்டு ஆயுள் முழுவதற்கும் வாங்கும் 10,000 வட்டி, இங்கே பத்தே மாதத்தில் தீர்ந்துபோகும். வட்டி என்பது காலத்தின் விலை. காலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அபராதம் மட்டுமே. இந்த விளையாட்டில் புத்திசாலிப் பிள்ளை கற்றுக்கொள்வது, கடனை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வாங்கு, கடைசி வரை கட்டாதே என்பதைத்தான். தாள் எண்ணிச் சில்லறை கொடுக்கப் பழகும் நன்மையை இந்தப் பாடம் பாதி விழுங்கிவிடுகிறது.

பிள்ளை பிறந்தால் பணம் என்பது இன்னொரு கூத்து. கல்யாணக் கட்டத்தில், பெரும்பாலான பதிப்புகளில், எல்லோரும் நின்றே தீர வேண்டும். அது ஒன்றில் மட்டும் விளையாட்டும் எங்கள் ஊரும் ஒத்துப்போகின்றன. 1960 பதிப்பில் தோற்றவர்கள் போய்ச் சேரும் இடத்தின் பெயர் 'ஏழைப் பண்ணை'. அப்பாவிடம் சொன்னேன். "நாம் அங்கிருந்துதானே புறப்படுகிறோம்" என்றார்.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விளையாட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சக்கரம் சுற்றுகிறார்கள். ஒருவருக்கு நட்டம் வரும்போது அடுத்தவருக்குச் சம்பளம் வருகிறது. எங்கள் காவிரி டெல்டாவில் பெரும்பாலும் ஒரே சக்கரம், அதைச் சுற்றுவது மேட்டூர் அணை. அணையின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). ஜூன் 12-இல் திறந்தால் குறுவை என்னும் குறுகிய கால நெல். இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறு இல்லாதவர் அடுத்து வரும் சம்பா நெல்லுக்குக் காத்திருக்க வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை; 2020-இல் திறந்தது. 2024-இல் திறந்தது ஜூலை 28. தண்ணீர் வராத ஆண்டில் எனக்கு வராதது பக்கத்து வயல்காரருக்கும் வராது. கடைமடையில் இருப்பவருக்கு நிச்சயம் வராது.

இரண்டாம் நாள் இதை ஆடியே பார்த்தோம். பழைய பதிப்புகளில் வீட்டுக்கும் காருக்கும் காப்பீடு உண்டு. எங்கள் பெட்டியில் இல்லாததால் நாங்களே சேர்த்தோம். சக்கரத்தில் 1 விழுந்தால் 50,000 நட்டம். வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆகவே நியாயமான பிரீமியம் 5,000. ஐந்து பேரிடமும் அத்தை 25,000 வாங்கி வைத்துக்கொண்டார். தனித்தனியாகச் சுற்றும்போது, ஒருவருக்கும் நட்டம் வராமல் போகும் வாய்ப்பு 59 விழுக்காடு. ஒரே ஒருவருக்கு வருவது 33 விழுக்காடு. நூற்றில் 92 சுற்றுகளில் அத்தை அதிகபட்சம் ஒருவருக்குக் கொடுத்தால் போதும். இல்லாத சுற்றில் சேர்ந்தது, இருக்கும் சுற்றுக்கு ஆகிவிடும். ஐந்து பேருக்கும் ஒன்றாக நட்டம் வருவது லட்சத்தில் ஒரு முறை.

பிறகு விதியை மாற்றினோம். ஐவருக்கும் சேர்த்து ஒரே சுற்று; சுற்றுபவர் அப்பா. பிரீமியம் அதே, ஒவ்வொருவருக்கும் ஆபத்தும் அதே பத்தில் ஒன்று. ஆனால் லட்சத்தில் ஒன்றாக இருந்த பேரழிவு இப்போது பத்தில் ஒன்று. நான்காவது சுற்றில் 1 விழுந்தது. ஒரு லட்சம் சேர்த்திருந்த அத்தை இரண்டரை லட்சம் எண்ணி வைக்க வேண்டும். கையிலிருந்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் கடன் சீட்டு எழுதினார்.

பயிர்க் காப்பீட்டில் அரசுப் பணம் ஏன் நுழைகிறது என்பதற்கு இதைவிட எளிய செய்முறை எனக்குத் தெரியாது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது உணவுப் பயிருக்குக் காரீஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபியில் 1.5 விழுக்காடு, பிரீமியத்தின் மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. சுமையின் ஒரு பகுதியை வெளியே உள்ள மறுகாப்பீட்டு நிறுவனங்கள், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவை, வாங்கிக்கொள்கின்றன. அவர்களுக்கு டெல்டாவும் ஒரு தனிச் சக்கரம், எங்கோ இருக்கும் இன்னொரு நாட்டின் புயல் மற்றொரு சக்கரம். எல்லோருக்கும் ஒன்றாக நட்டம் என்பதால் வயல் வயலாக அளக்காமல், ஊரில் சில வயல்களில் மட்டும் அறுத்துப் பார்த்துச் சராசரி விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். செலவு குறையும். ஆனால் ஒருவருடைய வயல் மூழ்கி, ஊரின் சராசரி மூழ்காமல் இருந்தால் அவருக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் வராது.

நினைவு என்பதும் விளையாட்டில் இல்லை. இந்தச் சுற்றில் போன 50,000 அடுத்த சம்பள நாளில் திரும்பிவிடும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், சம்பளக் கட்டம் மட்டும் வராது.

மூன்றாம் நாள் மழை வெறித்தது. அண்ணன் மகள் தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்றிருந்ததால் சக்கரத்தையே சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நூறு முறை சுற்றினால் ஒவ்வோர் எண்ணும் பத்து முறை வர வேண்டும். ஏழு, பதின்மூன்று என்று ஏறி இறங்குவது இயல்பு. உள்ளே மேசையில் வைத்துச் சுற்றியபோது எல்லாம் அந்த எல்லையை ஒட்டியே வந்தன. திண்ணையில் வைத்துச் சுற்றியபோது 8 மட்டும் இருபத்தொரு முறை வந்தது. மழைநீர் வடிவதற்காகத் திண்ணைத் தளத்தைத் தெருப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். சக்கரத்தின் ஒரு புறம் எடையும் கூடுதல் போலிருக்கிறது. சாய்வில் வைத்தால் கனமான புறம் கீழே வந்து நிற்கப் பார்க்கும். முள்ளுக்கு நேரே 8 வரும். காலண்டர் தாளை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்து மட்டம் செய்தேன். எனக்குக் கண்டுபிடித்த பெருமை. அண்ணன் மகள் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. மேசையைத் துடைத்து வைத்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே திண்ணைக்குப் போனாள். அடியில் இருந்த காலண்டர் தாளைக் காணவில்லை.