ஃபேக்ஸ் ரூட்டிங்: தொலைநகல் வழிப்படுத்தல்

லத்தீனில் ‘ஃபாக்’ என்றால் செய். ‘சிமிலே’ என்றால் அதைப் போன்றது. ‘அதே போல ஒன்று செய்’ என்ற இந்த ஏவல்தான் ஒட்டி ‘ஃபாக்சிமிலி’ ஆகி, வாய்க்கு வாய் தேய்ந்து ஃபேக்ஸ் ஆனது. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் பெயின் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1843. பெல்லின் தொலைபேசிக்கு 1876. ஆக, ஃபேக்ஸ்தான் மூத்தது.

தமிழில் தொலைநகல், கருவி தொலைநகலி. இதில் ‘தொலை’ நம்முடையது, ‘நகல்’ அரபு. ‘நக்ல்’ என்ற சொல் உருது வழியே தாலுகா கச்சேரிக்கு வந்து பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஜோடியான ‘அசல்’ கூட அரபுதான். நமக்குப் ‘படி’ இருக்கிறது. ஆனால் ‘தொலைப்படி’ என்றால் மாடிப்படி அல்லவா கண்ணில் வருகிறது? தொலைநகலே இருக்கட்டும்.

வந்த ஃபேக்ஸை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதுதான் ரூட்டிங். அதற்கு எனக்குப் பிடித்த சொல் ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற பாணன், பெறாதவனை வள்ளலிடம் அனுப்பிய ஆற்றுப்படை நினைவுக்கு வரும். என்ன செய்ய, இன்று அது மனநல ஆலோசனைக்குப் போய்விட்டது. எனவே, வழிப்படுத்தல்.

நான் வேலை பார்த்த ஆபீசில் ஒரே ஒரு ஃபேக்ஸ் மெஷின். வழுவழுத் தாள் சுருண்டு தரையில் கிடக்கும், “இது யாருக்கு சார்?” என்று உதவியாளர் மேசை மேசையாகப் போவார். இரண்டு கோடையில் எழுத்து மங்கிவிடும் என்பதால் நகலுக்கும் ஒரு ஜெராக்ஸ்.

ஃபேக்ஸ் அழைப்பை ஆபீசின் உள் தொலைபேசி இணைப்பகம் காதால் கண்டுபிடித்துவிடும்: அனுப்பும் கருவி 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி கூவி, மூன்று விநாடி ஓய்ந்து, மறுபடி கூவும். ஆனால் கூவலில் ஆள் பெயர் இல்லையே. அதற்குத்தான் ‘டிஐடி’, தமிழில் நேரடி உள்ளழைப்பு எண். ஆளுக்கொரு எண், தனித்தனி லைன் தேவையில்லை, நூறு எண்கள்கூடச் சில தடங்களிலேயே வந்து இறங்கும். அழைப்பு வரும்போது தொலைபேசி நிறுவனம் கடைசி இலக்கங்களையும் சேர்த்து அனுப்பும். 214 என்றால் கணக்குப் பிரிவு அம்மா என்று அட்டவணையில் இருந்தால், பக்கங்கள் படக்கோப்பாகி அவர் மின்னஞ்சல் பெட்டிக்கே போய்விடும்.

அனுப்புகிறவர் 214க்குப் பதில் 241 அழுத்தினால், சம்பளப் பட்டியல் பக்கத்து மேசைக்காரர் பெட்டியில் விழும். இணைப்பகத்துக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது.